வானம் தெளிந்தால் தரை மூடும்: தில்லிப் பனிமூட்டமும் விமானங்களும்

மார்கழி, தை மாதங்களில் ஊருக்குப் புறப்படும் தில்லித் தமிழர் அனைவருக்கும் பழகிப்போன அறிவிப்பு ஒன்று உண்டு: "மூடுபனி காரணமாக விமானம் தாமதம்." பொங்கலுக்கு முதல் நாள் வீடு போய்ச் சேர வேண்டியவர் விமான நிலைய நாற்காலியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நேத்து ராத்திரி வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துதே, நட்சத்திரமெல்லாம் தெரிஞ்சுதே, விடியறதுக்குள்ள எங்கேர்ந்து சார் வந்துது இந்த மூட்டம்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிடும். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்ததுதான் காரணம் என்பேன். கேலி செய்கிறேன் என்று நினைப்பவர்களும் உண்டு.

மேலே போகப் போகக் குளிரும் என்பது ஊட்டிக்குப் போன எவருக்கும் தெரியும். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பகலில் வெயில் தரையைச் சூடாக்க, தரை காற்றைச் சூடாக்க, சூடான காற்று லேசாகி மேலே கிளம்பும். அடுப்புப் புகை, வண்டிப் புகை, ஈரம் எல்லாவற்றையும் அது தூக்கிக்கொண்டு போய்விடும்.

குளிர்கால இரவில் கதை மாறுகிறது. மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே சூரியன் போய்விடுகிறான்; இரவோ நீளம். தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் கம்பளி போர்த்தியது மாதிரி அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவில் போனது போனதுதான். தரை குளிர்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மேலே உள்ள காற்று அவ்வளவாகக் குளிர்வதில்லை. விளைவு, கீழே குளிர், மேலே கதகதப்பு. இதைத்தான் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறோம்; விமானிகள் இன்வர்ஷன் என்பார்கள். குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே படுத்துவிடும். மேலே உள்ள கதகதப்பான காற்று பாத்திரத்துக்குப் போட்ட மூடி மாதிரி ஆகிவிடும்.

மூடி மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் ஒரு மழையைத் தந்துவிட்டுப் போன மறுநாள் வானம் தெளியும், நிலம் ஈரமாயிருக்கும். கங்கைச் சமவெளியில் பாசனம் பாய்ந்த கோதுமை வயல்களும் ஈரத்தைத் தருகின்றன. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் ஆவியாகத் தாங்க முடியாது; தூசி, புகைத் துகள்களைச் சுற்றி நீர்த்துளிகளாக மாறும். மூடிக்குள் சிக்கிய புகையில் துகள்களுக்கா பஞ்சம்! துகள் மிகுந்தால் துளிகள் சிறியனவாகவும் ஏராளமாகவும் உண்டாகும். கண்ணை மறைப்பதில் அவை இன்னும் கெட்டிக்காரத் துளிகள். காற்று பலமாக அடித்தால் மூடி கலையும், அடியோடு அசையாவிட்டால் வெறும் பனித்துளியாகப் புல்லில் நிற்கும். லேசான காற்றுதான் மூட்டத்தை வளர்க்கிறது.

வளர்ந்தபின் மூட்டத்தின் மேற்பரப்பே வெப்பத்தை வானத்துக்கு வீசத் தொடங்கும். அப்போது மூடி தரையை விட்டு எழும்பி மூட்டத்தின் தலையில் போய் உட்காரும். மூட்டம் மேலிருந்தும் தடிக்கும். விடிந்ததும் வெயில் படட்டுமே என்றால், அந்த வெண்மை வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சம் கீழே இறங்கித் தரையைச் சூடாக்கினால்தான் மூட்டம் அடியிலிருந்து கரையும். அதற்குப் பத்து மணியும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம்.

பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால் வானிலையாளர் கணக்கில் அது மூடுபனி. விமானத்துக்கு முக்கியமானது ஓடுபாதையில் கருவிகள் அளக்கும் தூரம், ஆர்.வி.ஆர். என்பது. சாதாரணக் கருவி வழிகாட்டலில் இறங்க 550 மீட்டர் வேண்டும். தில்லியில் உள்ள கேட்-3 பி வசதியில் 50 மீட்டர் போதும். ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி இருக்க வேண்டும், விமானியும் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ போக வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை: இறங்குவதைவிடக் கிளம்புவதற்கு அதிகம் தெரிய வேண்டும், சுமார் 125 மீட்டர். இறங்கும்போது தானியங்கி பிடித்துக்கொள்ளும். கிளம்பும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டை விமானி கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார். "வந்த ஃப்ளைட் இறங்கிடுச்சு, நம்மள மட்டும் ஏன் விடலை?" என்று கவுண்டரில் சண்டை போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மூட்டத்தில் விமானங்களுக்கிடையே இடைவெளியையும் கூட்டுவார்கள், வரிசை நீளும்.

எப்போது மூடும், எப்போது விலகும் என்று முன்கூட்டியே சொல்வது இன்றும் கடினம். அதற்காகவே 2015 குளிர்காலத்தில் இந்திரா காந்தி விமான நிலையத்தில் மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் குளிர்கால மூடுபனி ஆய்வைத் தொடங்கியது.

இது வடக்கத்தி விவகாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் எரித்த பழையதெல்லாம் இதே மூடிக்குள் சிக்கியது. காலை விமானங்கள் பல தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன.

ஜனவரியில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, மதியம் இரண்டு மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். அந்த விமானம் காலையில் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அது அமிர்தசரஸிலோ வாராணசியிலோ மூட்டத்தில் நின்றுகொண்டிருந்தால், தில்லியில் வெயில் பளீரென்று அடித்தும் பயனில்லை.