பிரிங் டுகெதர்

பிரிங் டுகெதர் என்பது, தனித்தனியாகவோ பிரிந்தோ இருப்பவர்களை ஒன்றுசேர்த்தல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர்வினை ஆகும். ஒரு வினைச்சொல்லும் அதனுடன் வரும் சிறு சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக இயங்குவது தொடர்வினை எனப்படும்.

சொல்லமைப்பு

"பிரிங்" என்பது கொண்டுவருதல் என்றும், "டுகெதர்" என்பது ஒன்றாக என்றும் பொருள்படும். "டுகெதர்" பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. திரட்டுதலைக் குறிக்கும் "கேதர்" என்னும் சொல்லுடன் உறவுடையது. இத்தொடர்வினையின் இறந்தகால வடிவம் "பிராட் டுகெதர்" ஆகும்.

இலக்கணம்

இது செயப்படுபொருள் குன்றாவினை. எனவே யாரை ஒன்றுசேர்ப்பது என்பதைக் கூறுதல் வேண்டும். செயப்படுபொருள் பெரும்பாலும் இரு சொற்களுக்கும் இடையில் வரும்.

எடுத்துக்காட்டு: "த ஃபெஸ்டிவல் பிராட் த வில்லேஜர்ஸ் டுகெதர்" (திருவிழா ஊராரை ஒன்றுசேர்த்தது).

செயப்படுபொருள் நீண்ட தொடராயின் இறுதியிலும் வரலாம். ஆனால் அது பிரதிப்பெயராயின் இடையில் மட்டுமே வரும். "பிராட் தெம் டுகெதர்" என்பது சரி. "பிராட் டுகெதர் தெம்" என்பது பிழை.

மக்கள் தாமாகவே ஒன்றுசேர்வதைக் குறிக்க "கம் டுகெதர்" பயன்படும். தமிழில் கூடு, திரள் என்னும் தன்வினைகளுக்கும் கூட்டு, திரட்டு என்னும் பிறவினைகளுக்கும் உள்ள வேறுபாடு இதனை ஒத்தது.

பொருள் வேறுபாடு

ஒன்றாக்குதல் எனப் பொருள்படும் "யுனைட்" என்னும் வினையும் இதுவும் எப்போதும் ஒன்றல்ல. "யுனைட்" ஒரே குழுவாகவோ ஒரே நோக்குடையவராகவோ ஆவதைக் குறிக்கும். "பிரிங் டுகெதர்" வேறுபாடுகள் நீங்காமலே ஓரிடத்தில் கூடச் செய்வதையும் குறிக்கும்.

வட அயர்லாந்தின் அமைதிப் பேச்சுகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஐக்கிய இராச்சியத்தில் நீடிக்க விரும்பிய ஒன்றியவாதிகளும், அயர்லாந்துடன் இணைய விரும்பிய தேசியவாதிகளும் அமெரிக்கரான ஜார்ஜ் மிட்செல் தலைமையில் நடந்த பேச்சுகளில் பங்குகொண்டனர். 1998 ஏப்ரல் 10 அன்று பெல்பாஸ்ட் உடன்படிக்கை எட்டப்பட்டது. அதன் பின்னரும் இரு தரப்பினரும் தத்தம் அரசியல் நோக்கங்களைக் கைவிடவில்லை; அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளவே இசைந்தனர். ஆகவே இப்பேச்சுகள் அவர்களை "பிராட் டுகெதர்" எனக் கூறுவது பொருந்தும். "யுனைட்டட்" எனக் கூறுவது மிகையாகும்.

தமிழில்

மொழிபெயர்க்கும்போது சூழலுக்கேற்ப ஒன்றுகூட்டுதல், ஒன்றுசேர்த்தல், ஒருங்கிணைத்தல், பகைத்தவரைச் சேர்த்துவைத்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். மேற்கண்ட வட அயர்லாந்து எடுத்துக்காட்டிற்கு ஒன்றுகூட்டுதல் என்பதே பொருத்தமானது.