முக்காடு போட்ட ஆப்பிள்... இது நார்வே இனிப்பு!

'டில்ஷ்லேர்ட்டே புன்னேபீக்கர்.' வாயில் நுழையாத இந்தப் பெயருக்கு, நார்வே மொழியில் 'முக்காடு போட்ட குடியானவப் பெண்கள்' என்று அர்த்தம். மேலே இருக்கிற வெள்ளை க்ரீம்தான் முக்காடு. விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆப்பிளும் ரஸ்க் தூளும்தான்! முட்டை வேண்டாம், அவனும் வேண்டாம். காய்ந்த ரொட்டியைக்கூட வீணாக்காமல் விருந்தாக்கும் சிக்கனச் சமையல் இது.

நாலு பேருக்கு எப்படிச் செய்வது?

* 5 ஆப்பிள்களைத் தோல் சீவி நறுக்கி, 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குழைய வேகவிட்டு ஆறவிடுங்கள். புளிப்பு ஆப்பிள்தான் பெஸ்ட். கிடைக்கவில்லையா? சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

* 100 கிராம் ரஸ்க்கைக் கொரகொரப்பாகப் பொடித்து, 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை பட்டைத்தூள் சேர்த்துப் பொன்னிறமாக வறுத்து ஆறவையுங்கள். நார்வேயில் 'காவ்ரிங்' என்ற ரஸ்க்கைப் போடுவார்கள். நம்ம டீக்கடை ரஸ்க் ஏற்கெனவே இனிப்பு என்றால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* 300 மி.லி விப்பிங் க்ரீமைக் கெட்டியாக அடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஆப்பிள், ரஸ்க் தூள், க்ரீம் என மாற்றி மாற்றி அடுக்குங்கள். கடைசி அடுக்கு க்ரீமாக இருக்கட்டும்.

சூட்சுமம் எங்கே தெரியுமா? முன்கூட்டியே அடுக்கி வெச்சிடாதீங்க! ஆப்பிளின் ஈரத்தை இழுத்து ரஸ்க் தூள் நமுத்துப்போகும். மூன்றையும் தனித்தனியாக ரெடி பண்ணி, பரிமாறும்போது மட்டும் அடுக்குங்கள். புளிப்பு, மொறுமொறுப்பு, மென்மை மூன்றும் ஒரே ஸ்பூனில் வரணும். மொறுமொறுப்பு போச்சுன்னா, முக்காடு மட்டும்தான் மிச்சம்!