இனிப்பின் குற்றமா, எண்ணத்தின் குற்றமா?



ஞாயிறு பள்ளியில் பிறந்தநாள் கேக் கொடுத்தபின் பிள்ளைகள் ஓடிக் கூச்சலிட்டால், "இனிப்பு தின்றதால்தான் இந்த ஆட்டம்" என்கிறோம். இது மெய்தானா?

சோதித்தறிவது வேதத்திற்கு அந்நியமான காரியமன்று. தானியேல் பாபிலோனிலே, பத்து நாள் மரக்கறி உணவைக் கொடுத்து, ராஜபோஜனம் உண்ட வாலிபரோடு தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்படி விசாரிப்புக்காரனிடம் கேட்டான் (தானியேல் 1).

அமெரிக்க மருத்துவர் மார்க் வோல்ரைச்சும் அவரது குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வும் ஒப்பிட்டுப் பார்த்ததே. சர்க்கரை தங்கள் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று பெற்றோர் நம்பிய, 6 முதல் 10 வயதுள்ள 23 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சர்க்கரை மிகுந்த உணவு மூன்று வாரம், அஸ்பார்டேம் சேர்த்த உணவு மூன்று வாரம், சாக்கரின் சேர்த்த உணவு மூன்று வாரம் கொடுக்கப்பட்டன. எந்த வாரத்தில் எது என்பது குடும்பத்தாருக்கும் தெரியாது. பிள்ளைகளைச் சோதித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தையையும் அறிவுத்திறனையும் அளந்த 39 அளவீடுகளில் ஒன்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறு ஆண்டு 23 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே முடிவு கிடைத்தது.

அப்படியானால் நம் கண்கள் கண்டது என்ன? 1994-ல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 5 முதல் 7 வயதுள்ள 35 சிறுவருக்குச் சர்க்கரையில்லாத பானமே கொடுக்கப்பட்டது. ஆனால் தாய்மாரில் ஒரு பகுதியினரிடம், "உங்கள் மகன் மிகுந்த சர்க்கரை அருந்தியிருக்கிறான்" என்று சொல்லப்பட்டது. அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் அதிகம் துள்ளியதாகக் கருதினார்கள். அதுமட்டுமல்ல, பிள்ளைகளை நெருங்கி நின்று கண்காணித்து, அதிகமாகக் குறைகூறினார்கள்!

பிரியமானவர்களே, மாறினது பிள்ளையல்ல, தாயின் பார்வையே.

இதற்காக இனிப்பை அள்ளிக் கொடுக்கலாகாது. அது பல்லைக் கெடுக்கும், உடலைப் பருக்கச் செய்யும். எல்லா உணவுக்கும் இதே தீர்ப்பு என்றும் எண்ணவேண்டாம். 2007-ல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் நடந்த சோதனையில், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் பிள்ளைகளின் துடிதுடிப்பைச் சிறிதளவு கூட்டியது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்நிறங்கள் சேர்ந்த உணவுகளின்மேல் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. ஆகவே வண்ண மிட்டாய் வாங்கும்போது உறையைப் படியுங்கள்.

பட்டணத்து ஒற்றை அறை வீட்டில் நாளெல்லாம் அடைபட்ட பிள்ளை, சபைக்கு வந்து தோழரைக் கண்டால் துள்ளாதோ? விசாரியாமல் தீர்ப்புச் செய்வது புத்தியீனம் என்று நீதிமொழிகள் போதிக்கிறது. "அடங்காதவன்" என்ற பெயரை உங்கள் பிள்ளைக்குச் சூட்டுமுன், அவன் தூங்கினானா, விளையாடினானா, உங்களோடு பேச அவனுக்கு நேரம் கிடைத்ததா என்று விசாரியுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.