தலை அசைந்தால் கர்சர் நகரும்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் முதலில் பழகுவது மவுஸைத்தான். கை செயலிழந்தவர்களும், முதுமையால் விரல் மடக்க முடியாதவர்களும் அந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு புரோகிராம் இருக்கிறது. பெயர் கேமரா மவுஸ். விண்டோஸ் கம்ப்யூட்டரும் சாதாரண வெப் கேமராவும் இருந்தால் போதும். லேப்டாப் என்றால் கேமரா செலவும் இல்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியின் ஜேம்ஸ் கிப்ஸ், மார்கிரிட் பெட்கே ஆகியோர் இதை உருவாக்கினார்கள். 2002-ல் வெளியான அவர்கள் ஆய்வுக் கட்டுரையின்படி, மூளை முடக்குவாதத்தாலும் மூளைக் காயத்தாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 12 பேர் இதை முயன்று பார்த்தார்கள். 9 பேருக்குக் கைகூடியது. அன்று படத்தை ஆராயவே தனியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. 2007-ல் இலவசமாக டவுண்லோட் செய்யக் கொடுத்தபோது ஒரே கம்ப்யூட்டரில் எல்லாம் அடங்கிவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? திரையில் உங்கள் முகம் தெரியும். மூக்கு நுனியின் மேல் ஒருவர் கிளிக் செய்து காட்ட வேண்டும். அந்தச் சிறு பகுதி நகரும் திசையைப் புரோகிராம் கவனித்துக் கர்சரை நகர்த்துகிறது. ஒரே இடத்தில் கர்சரைச் சற்று நிறுத்தினால் கிளிக் ஆகிவிடும். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை செட்டிங்ஸில் நாமே முடிவு செய்யலாம்.

முதுகெலும்பில் அடிபட்டு இரு கைகளும் இயங்காமல் போன என் பெரியப்பாவுக்கு இதை அமைத்துக் கொடுத்தேன். துபாயில் இருக்கும் மகனின் இமெயிலை மருமகள்தான் படித்துக் காட்டுவார். பதிலையும் அவரே டைப் செய்வார். நல்ல பெண்தான். ஆனாலும் அப்பாவுக்கும் மகனுக்கும் தனியாகப் பேச ஒரு வார்த்தை இருக்காதா?

முதல் நாள் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது என்றார். கர்சர் நகரும் வேகத்தைக் கூட்டினோம். சிறிய அசைவே திரை முழுவதற்கும் போதுமானது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடுகிறது, மூக்கைத் தவறவிடுகிறது. வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புரோகிராமைக் குறை சொல்லிப் பயனில்லை.

டைப் செய்ய விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீ, கன்ட்ரோல் கீ, ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் கீபோர்ட் வரும். தமிழ் இன்ஸ்கிரிப்ட் கீபோர்டைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அதில் தமிழ் எழுத்துகளே தெரியும். அதன் ஆப்ஷன்ஸில், எழுத்தின் மேல் கர்சர் நின்றாலே டைப் ஆகும் வசதியும் உண்டு. அதையும் கேமரா மவுஸின் கிளிக்கையும் ஒன்றாக வைக்காதீர்கள், ஒன்று போதும்.

நான்கு வரி எழுதப் பெரியப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. எழுதும்போது அறைக்குள் யாரும் வரக்கூடாது என்கிறார்!

தலையை அசைப்பதே சிரமம் என்பவர்கள் ஆண்ட்ராய்டு போனைப் பாருங்கள். ஸ்விட்ச் ஆக்சஸ் என்ற வசதியில் 2021-ல் கேமரா ஸ்விட்ச் சேர்க்கப்பட்டது. புன்னகை, புருவம் உயர்த்துதல், வாய் திறத்தல் ஆகியவற்றில் எது எளிதோ அதற்கு ஒரு கட்டளையைக் கொடுத்துவிடலாம்.