உங்களுக்குத் தெரியுமா? ஓர் அலை போதும்!

★ காஞ்சிபுரம் போனால், ஏதாவது ஒரு தறிவீட்டில் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். துளை போட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். அந்த மாலை ஒரு சுற்று வந்தால் கரையில் ஓர் அன்னம். மறுபடி சுற்றினால் அடுத்த அன்னம். சேலை நீளத்துக்கும் அட்டை அடிக்க வேண்டியதில்லை, ஓர் அன்னத்துக்கு உண்டானது போதும். சாம்ப்ளர் என்ற இசைக் கருவியில் ஒலியையும் இப்படியே நெய்யலாம். ஒரே ஓர் அலையைக் கொடுத்து, வாலைத் தலையோடு ஒட்டிச் சுற்றவிட்டால், கட்டையில் இருந்து விரலை எடுக்கும்வரை ஸ்வரம் நின்று ஒலிக்கும்.

★ அந்த அலை எவ்வளவு பெரியது? ஒரு கட்டை சுருதியில் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் நொடிக்குச் சுமார் 262 முறை அதிர்கிறது. சிடி தரத்தில் ஒரு நொடி ஒலி என்பது 44,100 எண்கள். வகுத்துப் பாருங்கள், ஓர் அலைக்கு 168 அல்லது 169 எண்கள். பைட்டில் சொன்னால் 350-ஐக்கூடத் தொடாது. வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படம் ஒன்றின் இடத்தில் நூற்றுக்கணக்கான வாத்தியங்களைக் குடிவைக்கலாம்!

★ நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் இது வேடிக்கையல்ல, பிழைக்கும் வழி. 1979-ல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் கருவியில் ஒரு குரலுக்குக் கிடைத்த இடம் 16 கிலோபைட். அதையும் 128 எண்கள் கொண்ட 128 துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நின்டெண்டோவின் கேம் பாய் (1989) இன்னும் கஞ்சம். அதன் அலை சேனலுக்கு 32 எண்கள், மொத்தம் 16 பைட். அதிலும் பாட்டுப் போட்டார்கள், பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

★ 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டுக்குள் ஆதாரமாகப் பதிந்திருப்பது சைன் அலை ஒன்றே. ஓர் அலையை இன்னோர் அலையால் ஆட்டுவித்தே மணி, பேஸ் கிடார், எலெக்ட்ரிக் பியானோ எல்லாம் பிறந்தன. எண்பதுகளின் பாட்டுகளில் பளிங்குபோலத் தெறிக்கும் அந்த பியானோ ஒலி நினைவிருக்கிறதா?

★ ஸ்வீடனைச் சேர்ந்த ‘அட்வெஞ்சர் கிட்’ என்ற இசைஞர் 4,000-க்கு மேற்பட்ட ஒற்றை அலைகளைச் சேர்த்து இலவசமாகவே கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் சரியாக 600 எண்கள். 44,100-ஐ 600-ஆல் வகுத்தால் 73.5. நம் கணக்கில் அது இரண்டு கட்டை, அதாவது டி (D), மத்திய ஸ்தாயிக்கு இரண்டு ஸ்தாயி கீழே. சாம்ப்ளரில் ஏற்றும்போது ‘இதன் சுருதி டி’ என்று சொல்லிவைக்க வேண்டும். மறந்தால் நீங்கள் ஒரு கட்டையை அழுத்த, அது வேறொரு கட்டையில் பாடும்.

★ அலையின் கடைசி எண்ணும் முதல் எண்ணும் இசைந்து வராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ‘டிக்’ விழும். நொடிக்கு 262 டிக் என்றால் அது டிக்காகக் கேட்காது, சுருதியோடு ஒட்டிய கரகரப்பாகக் கேட்கும். அதனால் அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடம் பார்த்து வெட்டுவார்கள். சில சாம்ப்ளர்கள் இவ்வளவு குட்டி லூப்பை ஏற்கவே ஏற்காது. அப்போது அதே அலையை வரிசையாகப் பலமுறை ஒட்டி நீளமாக்கிக் கொடுத்து ஏமாற்ற வேண்டியதுதான்.

★ எந்த வாத்தியம் ஓர் அலையில் அடங்கும்? காஞ்சிபுரம் வட்டாரத்துக் கூத்து மேடையில் பின்பாட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும் ஹார்மோனியம் கிட்டத்தட்ட அடங்கிவிடும். துருத்திக் காற்று சீராக இருந்தால் ரீடு ஒரே மாதிரி அதிரும், அடுத்த அலை முந்தைய அலையின் நகல். டபுள் ரீடு பெட்டியின் அந்த மெல்லிய நடுக்கம் வேண்டுமா? அதே அலையை இரண்டு குரலில் ஏற்றி, ஒன்றை மயிரிழை சுருதி விலக்குங்கள். பக்கத்தில் வாசிக்கும் முகவீணை மட்டும் பிடிபடாது. வாசிப்பவரின் மூச்சும் உதடும் அலைக்கு அலை மாறுகின்றன, எதை வெட்டுவது?

★ தம்புராவில் இந்த வித்தை அடியோடு தோற்கும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-லேயே தம்புராவின் ஒலியைத் துருவியிருக்கிறார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு கொண்ட மேல்சுரம் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்கவில்லை என்று ராமன் காட்டினார். காரணம் தட்டையான, லேசாக வளைந்த குதிரை. தம்புராவில் கூடுதலாக ஜீவாளி நூல். தந்தி குதிரையை உரசி உரசி விலகும்போது மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்குகின்றன. மீட்டிய கணத்து அலை வேறு, அரை நொடி கழித்து வரும் அலை வேறு. எதை வெட்டி எடுத்துச் சுற்றவிட்டாலும் கிடைப்பது தம்புராவின் நிறம் பூசிய ஊதல்தான். என் காதுக்கு அது ஃபிரிட்ஜ் முனகுவதுபோல இருந்தது.

★ ஆனால் சுற்றும் அலையையே தந்தியாக்கலாம் என்று 1983-ல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் எழுதிக் காட்டினார்கள். தொடக்கத்தில் அலைகூட வேண்டாம், ஒரு சுற்றுக்கு உண்டான வெறும் இரைச்சல் எண்கள் போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண்ணையும் பக்கத்து எண்ணோடு கூட்டிப் பாதியாக்கிவிடுங்கள். கூர்மையான மேல்சுரங்கள் முதலில் கரையும், அடிச்சுரம் கடைசிவரை நிற்கும். கேட்பவருக்கு யாரோ தந்தியைச் சுண்டிய ஒலி.