கண்ணாடிப் பேழையில் அழுகண்ணி

இலைதோறும் கண்ணீர்த் துளி போன்ற ஒன்றை ஏந்தி நிற்கும் சிறு செடிக்குத் தமிழில் அழுகண்ணி என்று பெயர். அத்துளி கண்ணீரன்று, பூச்சியைப் பிடிக்கும் பசை. நைட்ரஜன் குறைந்த ஈரமண்ணில் வளரும் இச்செடி, பூச்சியைச் செரித்து அக்குறையை ஈடுசெய்கிறது. சார்லஸ் டார்வின் 1875ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து விளக்கினார்.

வறண்ட நகரங்களில் இதனை வளர்க்கக் கண்ணாடிப் பேழையே தக்கது. ஈரக்காற்று அதனுள் நிலைக்கும். எருவிடாத பீட் மண்ணும் கழுவிய மணலும் கலந்து நிரப்புக. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றுக. உரமும் குழாய்நீரின் உப்பும் வேரைக் கெடுக்கும். அன்பு மிகுதியால் எருவிட்டு என் முதற்செடியைக் கொன்றவன் நான்! ஒளி நிறைய வேண்டும். ஆனால், மூடிய பேழையை வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும். இறைச்சி இடவேண்டா, இலை அழுகும். சிற்றெறும்பு ஒன்று போதும்.

ஆசை மிகுந்து மேகாலயத்தின் குடுவைச் செடியை நாடவேண்டா. அருகிவரும் அதனை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. உரிமமின்றி வளர்த்தலும் குற்றமே. அழுகண்ணியையும் காட்டிலிருந்து பெயர்க்காது, வளர்ப்போரிடம் விதை பெற்று விதைப்பதே முறை. மலைக்கு உரியது மலையிலேயே வாழட்டும்.