‘ஸ்டஃப்’ என்றால் திணிப்பதா?

தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கம் போகும் நேயர்கள் ஓர் ஆங்கிலச் சொல் அடிக்கடி அடிபடுவதைக் கேட்கலாம். பெரிய இரும்புப் பெட்டகங்களிலே சரக்கை ஏற்றுவதற்கு அங்கே ‘ஸ்டஃபிங்’ என்று பெயர், இறக்குவது ‘டீஸ்டஃபிங்’. சுங்கக் காகிதங்களிலும் அப்படியே எழுதுகிறார்கள்.

ஆங்கிலேயரின் வீட்டுப் பேச்சிலே இந்த வினைக்கு அவ்வளவு கௌரவம் இல்லை. மூடி சாத்த முடியாதபடி பெட்டிக்குள் துணிகளை அமுக்குவதும் ‘ஸ்டஃப்’. விருந்திலே மூக்கு முட்டத் தின்பதும் ‘ஸ்டஃப்’. ஆகவே இதைத் தமிழாக்கப் புகுவோர் உடனே ‘திணித்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் சங்கடம் பிறக்கிறது. நம் வழக்கிலே திணிப்பு என்றால், கொள்ளாத இடத்திலோ, வேண்டாதவர் வாயிலோ பலவந்தமாகப் புகுத்துவது. புறநானூற்றுக் காலத்தில் அந்த வினைக்கு இந்தக் கடுமை கிடையாது. மண் செறிந்திருப்பதைக் கூட அது குறித்தது. ஆங்கிலச் சொல்லின் கதையும் இதைப் போன்றதே. அதன் மூலமான பழைய பிரெஞ்சு வினைக்கு, வேண்டியதைச் சேகரித்துக் கொடுத்தல் என்பதே பொருள். துறைமுகத்தார் அறிந்தோ அறியாமலோ அந்தப் பழைய பொருளுக்குச் சமீபமாகவே வந்திருக்கிறார்கள்.

இது வெறும் அகராதிச் சண்டை அன்று. மயிற்பீலியானாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். வண்டி முறிந்தால் இறங்கி நடக்கலாம். கடலிலே என்ன செய்வது? கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டு சென்ற இவ்வூர்த் தோணிக்காரர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்திலோ, பேராசையால் பாரம் மிகுந்து கப்பல்கள் மூழ்கின. சாமுவேல் பிளிம்ஸால் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் விடாமல் போராடியதன் பயனாகவே, 1876-ல் கப்பலின் விலாவிலே சுமைக்கோடு வரைவது சட்டமாயிற்று. அந்தக் கோடு நீரில் மறைந்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம். பெட்டகங்களுக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு: 2016 ஜூலை 1 முதல், மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்காத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி.

இவ்வளவு கண்டிப்பு உள்ள காரியத்தைத் ‘திணிப்பு’ என்று பலகையில் எழுதலாமா? ‘சரக்கேற்றுதல்’ என்றே நாம் சொல்வோம். வாய் தைக்க வராதபடி கோணிக்குள் உப்பை அமுக்குகிறார்களே, ‘திணித்தல்’ என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்.